அரசனின் கையில் அம்மைத் தழும்பு

எனக்குப் பிடித்த முதல் அரசனுக்கு இடது கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது.

ஸ்ரீமுஷ்ணத்தில் மணல் பரப்பிய கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அரசன் வாளை உயர்த்தினான். தோளில் கிடந்த பட்டு சரிந்தது. வட்டமாக, ஓரம் சுருங்கி, என் கையில் இருப்பது போலவே ஒரு தழும்பு திரை முழுக்கத் தெரிந்தது.

"அம்மா, ராஜாவுக்கும் ஊசி போட்டிருக்காங்கம்மா" என்று கத்திவிட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அரசனும் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றிருக்கிறான், ஊசியைப் பார்த்து அழுதிருக்கிறான், அவன் அம்மா அவனுக்கும் ஒரு முறுக்கு வாங்கிக் கொடுத்திருப்பாள் என்று தோன்றியது. அவன் போரில் விழுந்தபோது கொட்டகையிலேயே அதிகமாக அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

அன்றிலிருந்து சரித்திரப் படம் என்றால் எனக்குப் பாதித் தூக்கத்தில் நடப்பது போல. கோட்டைக்குப் பின்னால் கரண்ட் கம்பி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். குதிரைப்படை வரும் புழுதியில் லாரி டயரின் தடத்தைப் பார்த்திருக்கிறேன். எதுவும் என்னை எழுப்பியதில்லை. அந்தத் தீப்பந்த வெளிச்சமும், நீளமான தூண்களின் நிழலும், யாரோ ஒருத்தி படிக்கட்டில் மெதுவாக இறங்கி வருவதும் போதும். படம் முடிந்து வெளியே வந்தால் வெயில்தான் பொய் மாதிரி இருக்கும்.

எனக்கு வாய்த்தவரோ ராணுவக்காரர். பணி முடிந்து வந்து விருத்தாசலத்தில் ஒரு வங்கியில் காவலராக இருக்கிறார். அவருக்குப் போர்ப் படம் பிடிக்கும். ஆனால் அவர் படம் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஒன்றல்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் டி.வி. முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கையில் ரிமோட் இருக்கும். ஒரு தப்பு வந்தால் நிறுத்துவார்.

"இங்க பாரு. தலையில தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கிறான். எந்த ரெஜிமெண்ட்ல இப்படி அடிக்கிறாங்க?"

"படம்தானங்க."

"மெடலு எல்லாம் குத்திக்கிட்டு பதுங்கு குழியில ஒக்காந்திருக்கான். கல்யாணத்துக்கா போறான்?"

"சரி, விடுங்க. ஓடட்டும்."

ஓடும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. கதாநாயகன் பனிமலையில் ஓடிக்கொண்டே சுடுவான். மறுபடியும் நிறுத்துவார்.

"அந்த ஒசரத்துல பத்தடி ஓடுனா மூச்சு முட்டி ஒக்காந்துருவான். இவன் ஓடறான், சுடறான், டயலாக் வேற பேசறான். தண்ணி கொதிக்கவே அங்க அரை நாளு ஆவும், தெரியுமா?"

அவரோடு சேர்ந்து ஒரு படத்தைப் பார்த்து முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும். எனக்குக் கோபம் வருவதில்லை. மலைமேல் இருந்த நாட்களைப் பற்றி அவர் நேராக எதுவும் சொன்னதில்லை. இந்தத் தப்புகளைச் சொல்லும் சாக்கில்தான் ஏதாவது உதிரும். தண்ணீர் கொதிக்காததும், ஈரக் காலுறையைச் சட்டைக்குள் வைத்து உலர்த்தியதும் எனக்கு அப்படித் தெரிந்தவைதான்.

நான் வேலை செய்வது ஒரு சிறிய செராமிக் பட்டறையில். ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாம் போடுகிறோம். அச்சுப் பிரிவு என் பொறுப்பு. வெண்மண் கூழை அச்சில் ஊற்றிக் காத்திருந்து, மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, இறுகியதைப் பிரித்தெடுக்கிற வேலை. மத்தியான நேரத்தில் சூளைப் பக்கத்திலிருந்து சூடு அலையலையாக வரும். எல்லார் முடியிலும் இமையிலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால் எல்லாருமே ஏதோ பழைய காலத்து ஆட்கள் மாதிரி இருப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சரித்திரப் படம் ஒன்றுக்கு அரங்கப் பொருட்கள் செய்து வாங்குகிறவர். ஐம்பது ஜாடிகள் வேண்டும் என்றார். அரசியின் அறையில் வைப்பதற்கு. கீழே விழுந்தால் நன்றாக உடைய வேண்டும், யார் காலையும் கிழித்துவிடக் கூடாது.

"அதுக்கென்ன, அரை வேக்காட்டுல எடுத்துடலாம் தம்பி" என்றேன். "மேல பெயிண்ட் அடிச்சா பாக்கறதுக்குப் பீங்கான் மாதிரியே இருக்கும்."

கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். வெள்ளை ஜாடி, நீலப் பூக்கொடி.

"இது அந்தக் காலத்துல இருந்திருக்காதே தம்பி. இங்க களிமண் வெட்டறப்ப பழைய பானைச் சில்லு கெடைக்கும். எல்லாம் கருப்பு, செவப்புதான்."

"தெரியும்க்கா. செவப்பு வச்சா அந்த வெளிச்சத்துல எடுபடாது. இருட்டுல கரைஞ்சிடும். வெள்ளை ஒடைஞ்சாதான் மனசுல ஒடையும்."

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் தூரிகையைப் பிடித்து முதல் பூக்கொடியை வரைந்தபோது கை கொஞ்சம் தயங்கியது. வாழ்நாள் முழுக்கக் கரண்ட் கம்பியை மன்னித்தவள் நான். இப்போது என் கையாலேயே ஒரு பொய்யைச் செய்து அந்தக் காலத்துக்குள் அனுப்புகிறேன். ஐம்பது ஜாடிகளிலும் பூ வரைந்து முடித்தபோது அரசியின் அறை எப்படி இருக்கும் என்பதுவரை எனக்குக் கண்ணில் தெரிந்தது. வெள்ளை ஜாடிகள் இல்லாமல் அந்த அறையை நினைக்கவே முடியவில்லை.

படம் போன வருடம் வந்தது. ஊரில் நானும் என் கணவரும் மேட்னிக்குப் போனோம். பட்டறைப் பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே பார்த்துவிட்டு, ஜாடி வருது, ஆனா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடுது என்று சொல்லியிருந்தார்கள். நான் கண்ணை மூடவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. போர்க்களத்திலிருந்து ஒரு வீரன் வருகிறான். அரசியின் அறைவாசலில் மண்டியிடுகிறான். இளவரசன் இறந்துவிட்டான் என்று அவன் சொல்லவில்லை, தலையை மட்டும் குனிகிறான். அரசியின் கையிலிருந்து ஜாடி நழுவுகிறது. மெதுவாக, மிக மெதுவாக, நான் வரைந்த நீலப் பூ சுழன்று சுழன்று தரைக்கு வந்தது. பிறகு சலீரென்று கண்ணாடி உடைவது போல ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தில் நான் விழித்துக்கொண்டேன். அரை வேக்காட்டு ஜாடி அப்படி உடையாது. பொத்தென்று, ஒரு காய் விழுவது போலத்தான் உடையும். பக்கத்து வரிசையில் ஒரு பெண் விசும்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. திரும்பி அவரைப் பார்த்தேன். இத்தனை தப்பு இருக்கிற படத்தில் இதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. திரையைப் பார்க்காமல் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம்.

"சத்தத்தக் கேட்டீங்களா? நம்ம ஜாடிக்குக் கண்ணாடிச் சத்தத்தப் போட்டிருக்காங்க" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "சேதி கேட்டா யாரும் எதையும் கீழ போட மாட்டாங்க."

"பின்ன என்ன செய்வாங்க?"

"சோறு போடுவாங்க."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அப்போதுதான் அதைச் சொன்னார்.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. அவர் விடுமுறையில் வந்திருந்தார். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு போனுக்கு அவருடைய பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு பையன் அதே பிரிவில் இருந்தான். இவரோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன். மலைப் பாதையில் வண்டி சாய்ந்து இறந்துவிட்டான். தந்தி போய்ச் சேர்வதற்கு முன் நேரில் போய்ச் சொல்லிவிடு என்றார்கள். இவர் சைக்கிளில் போனார். சாயங்காலம் திரும்பி வந்து இரண்டு முறை குளித்தது எனக்கு நினைவிருக்கிறது. செய்தி சொல்லப் போனார் என்பது வரைதான் எனக்குத் தெரியும்.

"நான் வாசல்லயே நின்னு அவங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றார். "அந்தம்மா, உள்ள வாப்பா, வெயில்ல வந்திருக்கேன்னு கூப்டுச்சு. தட்டு வெச்சி சோறு போட்டுச்சு. கருவாட்டுக் கொழம்பு. நான் தின்னேன். நிறுத்த முடியல. காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலியா, தின்னேன். அது பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் போடவான்னு கேட்டுச்சு. போடுங்கன்னு சொன்னேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"புள்ள செத்த வூட்ல ரெண்டாவது தடவ சோறு வாங்கித் தின்னவன் நானு. இத எவனாவது படமா எடுத்தா ஜனம் நம்புமா? பொய்யின்னுதான் சொல்லும்."

அடக்கத்துக்குப் போனதோடு சரி. அதன் பிறகு அந்த ஊர்ப் பக்கமே அவர் போகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தம்மா இருக்கிறாரா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

"ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரலாங்க."

"எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டுப் போறது?"

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி.வி. முன்னால் நாற்காலி போடுகிற நேரத்தில், அவரே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கெளம்பு" என்றார்.

கம்மாபுரத்தைத் தாண்டியதும் தூரத்தில் நிலக்கரிச் சுரங்கத்து மண்மேடு சாம்பல் நிறத்தில் மலை மாதிரி கிடந்தது. மத்தியான வெயிலில் அதன் விளிம்பு ஆடியது. இந்த நிலங்களையும் சுரங்கத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற பேச்சு அங்கே பல வருடமாக இருக்கிறது. அதனால் யாரும் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதில்லை போலும். தெருவே வெளுத்துப்போய், யாரோ எடுத்து முடித்துவிட்டுப் போன அரங்கம் போல நின்றது. ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்தினார். உள்ளேயிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

டி.வி.தான். போர்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் சீருடையில் ஒரு பையன், சந்தன மாலை போட்ட படம். எங்களைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார். இவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீயாப்பா" என்றார். "தலையெல்லாம் நரைச்சிப் போச்சே. இதான் உம் பொண்டாட்டியா? வாம்மா, ஒக்காருங்க."

உட்கார்ந்தோம். மூன்று பேரும் படத்தைப் பார்த்தோம். பனிமலை. ஒரு கூட்டம் கத்திக்கொண்டே மேலே ஏறியது.

"சண்டப் படம் எது போட்டாலும் நான் பாப்பேன்" என்றார் அந்தம்மா. "பெரிய நடிகன எல்லாம் பாக்கறதில்ல. பின்னால கூட்டமா ஓடுதுங்க பாரு, அதுல ஒண்ணு எம் புள்ள மாதிரியே இருக்கும். அது எங்க போவுதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். பாதிப் படத்துல காணாமப் பூடும்."

பிறகு சொன்னார்: "படத்துல சாவறவன் எதுக்குச் சாவறான்னு நல்லாத் தெரியுது. எம் புள்ள வண்டி சாஞ்சி செத்தான். அத எவன் படம் எடுப்பான்?"

திரையில் கதாநாயகன் மெடல் குத்திய மார்போடு ஓடினான். தொப்பி இல்லை. நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"அங்க இப்படித்தான் இருக்குமாப்பா?" என்று அந்தம்மா கேட்டார்.

இவர் திரையில் எதையோ தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை முடிந்து, யாருமில்லாத ஒரு சரிவு, அதன்மேல் சாயங்கால வெளிச்சம் நீலமாக இறங்குவதைக் காட்டினார்கள். அது கொஞ்ச நேரம்தான் வந்தது.

"இதோ, இது அப்படியேதாம்மா இருக்கும்" என்றார். "சாயங்காலத்துல பனி இந்தக் கலருதான். நானும் அவனும் வெளிய நின்னு பாப்போம்."

அந்தம்மா தலையாட்டினார். அந்த நீலம் போய் விளம்பரம் வந்த பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இவர் அப்போதுதான் சொன்னார். குனிந்துகொண்டு, தரையில் விரலால் கோடு இழுத்தபடி: "அன்னிக்கு நான் உங்க வூட்ல சாப்டேம்மா. சேதியச் சொல்லிட்டு, சாப்டேன். கருவாட்டுக் கொழம்பு. ரெண்டாந்தடவ வேற வாங்கித் தின்னேன். அது இன்னும் தொண்டையிலயே நிக்குதும்மா."

"என்னப்பா சொல்ற?" என்றார் அந்தம்மா. "நீ எங்க சாப்ட? வாசல்ல வந்து நின்ன. ஒரு வார்த்த பேசல. ஒன்னப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சி போச்சு. நான் தெருவுல உழுந்து பொரண்டேன். நீ செவுத்துல சாஞ்சி அழுதுக்கிட்டு நின்ன. எதுத்த வூட்டுக்காரிதான் ஒனக்குத் தண்ணி குடுத்தா."

"இல்லம்மா. கருவாடு... நல்லா நெனப்பிருக்குது."

"அன்னிக்கு வெள்ளிக்கெழமடா. வெள்ளிக்கெழமயில நான் கருவாடு வெப்பனா?"

இவர் நிமிர்ந்தார். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆயிரம் தப்பு கண்டுபிடித்த மனிதர் அன்று ஒரு கிழமைக்கு முன்னால் வாயடைத்துப்போனார். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. அந்தம்மா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, "போய் மொகம் கழுவிட்டு வா, இன்னிக்குச் சாப்புடு" என்றார்.

சாப்பிட்டோம். முள்ளங்கி சாம்பாரும் அப்பளமும். இவர் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடவா என்று அந்தம்மா கேட்டார். போடுங்க என்றார்.

தட்டுகளைக் கழுவ நான் பின்பக்கம் போனேன். அந்தம்மாவும் தண்ணீர் மொண்டு ஊற்ற வந்தார். முருங்கை மரத்தின் நிழல் எங்கள் இரண்டு பேர் மேலும் அசைந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நெஜமாவே அன்னிக்கு வெள்ளிக்கெழமயாம்மா?"

அவர் சொம்பை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"கெழமையெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்குது?" என்றார். பிறகு மறுபடியும் தண்ணீரை ஊற்றினார்.

இதை நான் என் கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. என்ன சொல்வது? அந்தம்மா தெருவில் விழுந்து புரண்டிருக்கலாம். சோறும் போட்டிருக்கலாம். இரண்டுமே அந்த ஒரு நாளில் நடந்திருக்கலாம், அவரவர் பாதியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எது சரி என்று பார்த்துச் சொல்ல அந்த நாளுக்கு ரிமோட் இல்லை. வண்டியில் திரும்பி வரும்போது அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"இத்தினி வருஷம் திங்காத சோறையா தின்னுக்கிட்டிருந்தேன்?"

நான் அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் வயல் போய்க்கொண்டிருந்தது.

சரித்திரப் படத்தில் சரித்திரம் சரியாக இருக்க வேண்டுமா என்று பட்டறையில் பேச்சு வரும். செல்போனில் எல்லாத் தகவலும் வைத்திருக்கிற பெண்கள் இப்போது வேலைக்கு வருகிறார்கள். அந்த ராணி அந்த வருடத்தில் பிறக்கவே இல்லை என்று ஒருத்தி சொல்வாள். இருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். வெள்ளை ஜாடியைப் பார்த்துவிட்டு அதுதான் அந்தக் காலம் என்று ஒரு குழந்தை நினைத்துக்கொள்ளும். அந்தப் பழியில் எனக்கும் பங்கு இருக்கிறது. கருப்புச் சிவப்புச் சில்லுகள் மண்ணுக்குள் பேசாமல்தான் கிடக்கின்றன, அவற்றுக்காக யாராவது பேச வேண்டும். ஆனால் அப்படிச் சொல்லி முடித்ததுமே பனியின் அந்த நீலம் நினைவுக்கு வந்துவிடும். அந்தப் படத்தில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். எடுத்தவர்களுக்கு அது சரி என்று தெரிந்திருக்குமா என்பதுகூடச் சந்தேகம். வெயில் போய்விட்டதே என்ற அவசரத்தில் எடுத்திருப்பார்கள். அங்கே நின்ற ஒருவனும், நிற்காத ஒரு தாயும், இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அச்சில் ஊற்றிய கூழ் இறுகியிருக்கும், எழுந்து போய்விடுவேன்.

இப்போது மாதம் ஒரு முறையாவது அங்கே போகிறோம். போன மாதம் அந்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானம் சாப்பிட்டு, டி.வி. முன்னால் உட்கார்ந்தார். இன்னிக்கு ராஜா படம் போடும்மா, துப்பாக்கி வேணாம் என்றார். போட்டேன். அரண்மனை, தீப்பந்தம், படிக்கட்டு எல்லாம் வந்தன. பெரிய போர் தொடங்குவதற்குள் அவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார்.

இவர் ரிமோட்டை எடுத்தார். எந்தத் தப்பைப் பிடிக்கப் போகிறாரோ என்று பார்த்தேன். சத்தத்தை மட்டும் முழுவதுமாகக் குறைத்துவிட்டு, ரிமோட்டை மெதுவாகத் தரையில் வைத்தார். யானைகள் சத்தமில்லாமல் மோதின. அம்புகள் சத்தமில்லாமல் போய் இறங்கின. ஆயிரம் பேர் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது, அறைக்குள் மின்விசிறி சுற்றுவதும் அந்தம்மா மூச்சு விடுவதும் மட்டும் கேட்டன. நாங்கள் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து அந்தப் போர் முடியும் வரை பார்த்தோம்.